எட்டாவது பூச்சு

கதவு திறந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று.

மாலை ஆறரை மணி. செயற்பொறியாளர் ஹரிகேசவன் பொத்தானை அழுத்தினார். நாற்பத்தோராம் குளிர்கூடத்தின் கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் பக்கவாட்டில் வழுக்கி ஒதுங்கியது. மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். மூன்றாவது தடவை திறந்தபோது, தானே பெற்றுவளர்த்த கதவு மாதிரி அதைத் தட்டிக்கொடுத்தார்.

“பாத்தீங்களா மாசிலாமணி? அல்வா மாதிரி போகுது. கதவுல குறை இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க. வெள்ளிக்கிழமை விசாரணையில அத வாசிச்சா வேலை முடிஞ்சுது.”

மாசிலாமணி கதவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்கு நாலு மாதம். குளிர்கூட வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, உதவிப் பொறியாளராகவே மூட்டு தேய்ந்த மனிதர். அந்த ஒரு வரியை எழுதினால் யாருக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஹரிகேசவனுக்கும் தெரியும். பத்தடி தள்ளிச் சுவரை ஒட்டி நின்ற செங்கமலத்துக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கதவு நல்ல கதவு என்றால் காவலுக்கு இருந்த செங்கமலம் கெட்டவள். ஜாமீனில் நிற்கிறவள் உள்ளே போய்விடுவாள், போனால் ஆயுள்.

“வியாழக்கிழமை பெயிண்டர் வருவான்” என்றார் ஹரிகேசவன், வண்டியில் ஏறிக்கொண்டே. “விசாரணை முடிஞ்சதும் கூடத்தத் திரும்பத் திறக்கணும்ல. பெரியவங்க வருவாங்க. கதவு பளிச்சுன்னு இருக்கட்டும்.”

இந்தக் கதை நடக்கிற காலத்தில், பங்குனி பிறந்துவிட்டால் திருச்சித் தெருவில் பதினொரு மணிக்குமேல் காக்கையைப் பார்க்க முடியாது. ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு டிகிரி. பதினொன்று முதல் ஐந்துவரை ஜனங்கள் வட்டாரம் வட்டாரமாகக் குளிர்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று சட்டம். பாதி மண்ணுக்குள் புதைந்த நீளக் கூடம், அதற்கு ஒரே கதவு. கூடங்களை எல்லாம் அசையாக்கலவையில் கட்டியிருந்தார்கள். அந்தக் கலவை வந்த புதிதில் ஊரே மெச்சியது. என்ன சூடேறினாலும் மயிரிழை விரியாது, விரியாததால் விரிசல் விடாது, பேரன் காலம்வரை கவலை இல்லை என்றார்கள். எல்லாம் சரிதான். கதவையும் அதிலேயே செய்திருக்கலாம். செய்தால் கனம் தாங்காது, மோட்டார் இழுக்காது என்று சொல்லிக் கதவை மட்டும் தடித்த அலுமினியத் தகட்டில் செய்தார்கள். அசையாத சட்டத்துக்குள் விரிந்து சுருங்குகிற கதவு. அதனாலென்ன, மேலும் கீழுமாக மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிடு என்று வரைபடத்தில் குறித்தார்கள். குறித்ததோடு சரி.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், மதியம் இரண்டு மணி சுமாருக்கு, அந்தக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. நாலு மணிக்கு, எதிரே இருக்கும் மேல்நிலைத் தொட்டியின் நிழல் கதவின்மேல் விழுந்து கொஞ்ச நேரம் ஆனபிறகு, பொத்தானைத் தொட்டதும் திறந்துகொண்டது. வாசலில் மூன்று பேர் கிடந்தார்கள். ஒரு பேருந்து நடத்துநர், மருந்து வாங்கப் போன ஒரு வயதான அம்மாள், நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டும் நாகமுத்து. ஐம்பது டிகிரி தாண்டினால் கைபேசி செத்த எலிக்குச் சமம். யாரையும் கூப்பிட முடியவில்லை. அடுத்த கூடம் ஒன்றரை கிலோமீட்டர்.

உள்ளே நூற்று எண்பது பேர் இருந்தார்கள். அவர்களில் நாகமுத்துவின் மனைவி குணவதியும் ஒருத்தி. அவள்தான் முதல் சாட்சி. “கூட்டம் ரொம்பிருச்சுன்னு அவ காலையிலயே மொனகினா. வேணும்னே பூட்டி வச்சு எம் புருசனக் கொன்னுட்டா” என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மற்ற நூற்றுச் சொச்சம் பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றிருந்தார்கள். கேமராவைப் பார்க்கலாமே என்றால், போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கேமராவின் கண்ணுக்கும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள். நம் ஆட்கள் வேலை என்று இறங்கினால் பாரபட்சம் பார்ப்பதில்லை.

ஹரிகேசவனின் வண்டி தெருமுனை தாண்டியதும் செங்கமலம் வாயைத் திறந்தாள்.

“சார், சாயங்காலம் வந்து பாத்தா எல்லாக் கதவும் நல்ல கதவுதான். அன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் பொத்தான அமுக்குனேன். ஒரு தடவ இல்ல, முப்பது தடவ. மோட்டாரு உறுமிட்டு நின்னு போச்சு. போலீசுல சொன்னேன். அவங்களும் சாயங்காலம்தான் வந்து பாத்தாங்க.”

மாசிலாமணி பையைத் திறந்து, மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல விரியும் ஒரு கருவியை எடுத்தார். பட்டறைக்காரர்கள் ஃபீலர் கேஜ் என்பார்கள். எந்தத் தகடு இடுக்கில் நுழைகிறதோ அதுதான் இடுக்கின் அளவு. மூன்று மில்லிமீட்டருக்குத் தகடுகளைச் சேர்த்து மேல் இடுக்கிலும் கீழ் இடுக்கிலும் பிரித்துச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. இரண்டரைக்குக் குறைத்தார். ம்ஹூம். இரண்டு. அதுவும் இல்லை. கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒன்று நாற்பதில் நுழைந்தது.

இன்னொரு தடவை அளந்தார். அதே ஒன்று நாற்பது.

பேனாக்கத்தியால் கதவின் விளிம்பைச் சுரண்டினார். மேலே அடர் நீலம். அதன்கீழ் பச்சை. அதன்கீழ் சந்தன நிறம், பிறகு சிவப்பு, மறுபடி பச்சை, வெள்ளை, ஊதா, அடியில் முதல்முதல் அடித்த சாம்பல். எட்டுப் பூச்சு. கடைசிச் சில வருஷத்து ஆண்டு விழாக்களுக்கு ஒவ்வொன்று, பெரியவர்கள் வரும்போதெல்லாம் ஒன்று, இடையில் வட்டாரத்து ஜனங்களே பொங்கலுக்கு ஆசையாசையாய் அடித்தது மூன்று. எந்தப் புண்ணியவானும் பழையதைச் சுரண்டிவிட்டு அடிக்கவில்லை. கதவின் விளிம்பிலும் சட்டத்தின் பள்ளத்திலுமாகப் பூச்சின்மேல் பூச்சு ஏறி, மூன்று மில்லியில் பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தது.

“இம்புட்டூண்டு பெயிண்டா சார் கதவ நிறுத்துச்சு?” என்றாள் செங்கமலம்.

“கதவு ஏழடி உசரம்மா. அலுமினியம் மத்ததவிட நல்லாவே விரியும். காலையிலருந்து வெயில்ல நின்னா ரெண்டு மில்லிக்கு மேல வளரும். அது போக, கடைசியா அடிச்சது அடர் நீலம். இருட்டு நிறம் சூட்ட இன்னும் குடிக்கும். வளர்ற கதவுக்கு எடம் வேணும். சட்டம் எடம் குடுக்காது, அது அசையாத சாதி. கதவு எங்க போகும்? இறுகிப்போய் நின்னுரும்.”

“அப்ப நான் பூட்டலன்னு எழுதுவீங்களா?”

அவர் தகடுகளை ஒவ்வொன்றாக மடக்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுபத்து நாலு கூடத்துக்கும் இடைவெளிச் சான்று கொடுப்பது யார்? மாசிலாமணிதான். நாற்பத்தோராம் கூடத்துக்குக் கடைசியாகக் கொடுத்தது எப்போது? தை மாதம். என்ன எழுதினார்? ‘மூன்று மி.மீ., சரி’ என்று எழுதினார். அளந்தாரா? அளக்கவில்லை. முதல் நாலு வருஷம் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தார். ஒவ்வொரு தடவையும் மூன்றுதான் வந்தது. பிறகு முட்டி வலித்தது, ஆட்கள் குறைந்தார்கள், கூடங்கள் கூடின. போன தடவைத் தாளைப் பார்த்து இந்தத் தடவைத் தாளில் எழுதினார். சலிப்பு என்பது ஒரு நாளில் வருகிற நோய் இல்லை. அதுவும் பூச்சுப் பூச்சாகத்தான் ஏறியிருந்தது.

“எழுதுறேன்” என்றார். “ஆனா ஒன்னு நாப்பதுன்னு எழுதினா, ‘அதான் திறக்குதே’ம்பாரு ஹரிகேசவன். ரெண்டு மணிக்குத் திறக்கலன்னு காட்டணும். நாளைக்கே காட்டணும். நாளன்னிக்கு பெயிண்டர் வந்துருவான்.”

மறுநாள் புதன்கிழமை. கூடத்துக்குச் சீல் வைத்திருந்ததால் வட்டாரத்து ஜனங்கள் பக்கத்துக் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கென்று மாசிலாமணி சீலைப் பிரித்துக் கொடுக்க, செங்கமலம் மட்டும் பத்து மணிக்கே உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள். மாசிலாமணி வாசல் முற்றத்தில் வாரியத்தின் வண்டியை நிறுத்தி, குளிரூட்டியை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தார். ஏற்பாடு சாதாரண ஏற்பாடுதான். இரண்டு மணிக்கு அவர் இறங்கி வருவார். அவள் உள்ளிருந்து பொத்தானை அழுத்துவாள். கதவு திறக்காததைச் சூடு தாங்கும் கேமராவில் பிடித்துக்கொள்வார். மூன்று தட்டு தட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம், வண்டிக்குத் திரும்பிவிடுவார்.

இரண்டு மணிக்குப் பனிச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அந்தச் சட்டைக்குள் பனிக்கட்டிப் பைகள் இருக்கும். இருபது நிமிடம் தாங்கும். இறங்கியதும் வெயில் தோளில் கை வைத்து அழுத்தியது. அறுபது அடி எடுத்து வைப்பதற்குள் உதடு வெடித்துவிட்டது. கதவில் வெப்பமானியை ஒட்டினார்: எழுபத்தொன்று. உள்ளே மோட்டார் உறுமி, திணறி, நின்றது. மறுபடி உறுமியது, நின்றது. கதவு இம்மி நகரவில்லை. மிக மெல்லிய தகட்டை இடுக்கில் வைத்தார். அதுவும் நுழையவில்லை. ஆறு நிமிடம் எல்லாவற்றையும் படம்பிடித்தார். கேமராவை அணைத்துவிட்டு மூன்று தட்டு தட்டினார்.

திரும்பி வந்தபோது வண்டி செத்திருந்தது.

நாலு மணி நேரம் வெயிலில் நின்று குளிரூட்டியை ஓட்டிய வண்டி, பேட்டரி சூடேறிவிட்டதால் பாதுகாப்புக்காக அணைந்துவிட்டதாகத் திரையில் எழுதி வைத்திருந்தது. யாருடைய பாதுகாப்புக்கு என்று எழுதவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்தார். இரண்டே நிமிடத்தில் அது அடுப்பாகிவிட்டது. இறங்கினார். அடுத்த கூடம் ஒன்றரை கிலோமீட்டர். இந்த முட்டியோடு அரை மணி நேரம் ஆகும். சட்டையில் பனி உருகி முதுகில் வெந்நீராக வழிந்துகொண்டிருந்தது.

மாசிலாமணி கதவுக்கு ஓடினார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். போய், இரண்டு கையாலும் தட்டினார். மூன்று தட்டு இல்லை. எண்ணிக்கையே இல்லாத தட்டு. உள்ளங்கை தகட்டில் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்தது. பனிச்சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு தட்டினார். ‘செங்கமலம்’ என்று கத்தினார். கதவு மூன்று விரல் கனம். குரல் உள்ளே போகாது, தட்டல் மட்டும்தான் போகும் என்பது அவருக்கே தெரியும். அந்தக் கனத்தையும் அவர்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐயோ, இப்படித்தானே அந்த மூன்று பேரும் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தார். கால் மடங்கிக் கதவோரம் உட்கார்ந்தார்.

அப்புறம் எவ்வளவு நேரம் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சளக் சளக் என்று கேட்டது. கதவின் அடி இடுக்கில் ஈரம் கசிந்து, கசிந்த வேகத்தில் ஆவியானது. மோட்டார் உறுமியது. நின்றது. மறுபடி சளக். மோட்டார் மறுபடி உறுமியபோது கதவு ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஒரு முழம் நகர்ந்தது. உள்ளிருந்து ஒரு கை வந்து அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டது.

கூடத்துத் தரை எல்லாம் தண்ணீர். மாசிலாமணி அந்தத் தண்ணீரிலேயே மல்லாந்து கிடந்தார். பிழைத்தோம் என்ற சந்தோஷம்கூட உடனே வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். கதவோரம் ஒரு முக்காலி. சுற்றிலும் காலிக் குடங்கள். நடுவில் செங்கமலம் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“ஏம்மா, எதுக்கு அழற? நல்ல காரியம்தானே பண்ணின? தண்ணி ஊத்தினா கதவு சுருங்கும்னு உனக்கு யார் சொன்னா?”

“யாரு சொல்லணும் சார்? வீட்டுல டம்ளருக்குள்ள டம்ளர் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவோம்? உள் டம்ளர்ல பச்சத்தண்ணி ஊத்தி, வெளி டம்ளர வெந்நீல வச்சா கழண்டுரும்ல? இது தெரியாத பொம்பள இருக்காளா?” மூக்கைச் சிந்தினாள். “பதினாலு குடம் சார். எண்ணிக்கிட்டே ஊத்துனேன். பதினாலாவது குடத்துல நகந்துருச்சு.”

“சரி, அதுக்கு ஏன்…”

“அன்னிக்கு உள்ள இருவது குடம் இருந்துச்சு சார்.”

மாசிலாமணி எழுந்து உட்கார்ந்தார்.

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. நூற்று எண்பது பேருக்கு ஐந்து மணிவரை இருபதே குடம்தான். பொத்தான் வேலை செய்யாமல் போனதும் அவளுக்கு டம்ளர் ஞாபகம் வந்தது. முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். குணவதி ஓடிவந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள். மடியில் தங்கச்சி குழந்தை, எட்டு மாதம், சூட்டுக்காய்ச்சல்.

“‘உனக்கென்ன பைத்தியமா, குடிக்கிற தண்ணியக் கதவுல ஊத்துறியே, இங்க பச்சப்புள்ளங்க இருக்கு, வெளிய யாரோ எவரோ’ன்னு கத்துனா. எல்லாரும் அவ பக்கம் வந்துட்டாங்க. குடத்தப் புடுங்கி நடுவுல வச்சு, சுத்தி உக்காந்துகிட்டாங்க. தப்பு சொல்ல மாட்டேன் சார். அவ புருசன் மோட்டார் ரூம்ல குளிரா இருக்கான்னுதான் அவ நெனச்சா. அவன் சீக்கிரமே வேலைய முடிச்சிட்டு இங்க வருவான்னு யாரு கண்டா? எனக்கும்தான் பயம். ஊத்தித் திறக்கலன்னா? நானும் விட்டுட்டேன். தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும் எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்.”

“இதப் போலீசுல சொல்லியிருக்கலாமே? நீ ஏன் சொல்லல?”

“எப்புடி சார் சொல்றது?” அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நான் பூட்டிட்டேன்னு அவ நம்புறா. அத நம்பித்தான் ராத்திரி தூங்குறா, காலையில எந்திரிக்கிறா, அந்தப் புள்ளைக்குச் சோறு ஊட்டுறா. என்னத் திட்டத் திட்ட அவளுக்கு உசுரு நிக்குது. இவதான் குடத்தப் புடிச்சா, ஊத்தியிருந்தா அவம் பொழச்சிருப்பான்னு தெரிஞ்சா என்ன ஆவா? நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது சார். ஊத்தியிருந்தாலும் திறந்திருக்காதுன்னு சொல்லி மனசத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப பாருங்க, திறந்து தொலைச்சிருச்சு.”

மாசிலாமணி உரிந்த உள்ளங்கையைத் தரைத் தண்ணீரில் வைத்திருந்தார். தன் கையெழுத்துக்கும் ஒரு உயிருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இத்தனை வருஷம் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அதைத் தோல் உரியத் தெரிந்துகொண்டார்.

“உனக்கு ஆயுள் வரும், தெரியுமில்ல?”

“வரட்டும்னு சொல்ல நான் என்ன தெய்வமா சார்? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நான் பூட்டலன்னு சொல்லுங்க. பெயிண்ட சொல்லுங்க, வெயில சொல்லுங்க. தண்ணிய மட்டும் சொல்லாதீங்க.”

“இது நாளைக்கு இன்னொரு கூடத்துல நடந்தா? தண்ணி ஊத்தினா திறக்கும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

அவள் காலிக் குடங்களைப் பார்த்தாள். அவர்தான் யோசித்தார். பிறகு எழுந்து, வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, உட்பக்கத்துப் பள்ளத்திலிருந்த எட்டுப் பூச்சையும் சுரண்ட ஆரம்பித்தார். அறுபத்து நாலு கதவையும் இப்படிச் சுரண்டிவிட்டால் எந்தக் கதவுக்கும் தண்ணீர் தேவைப்படாது. செங்கமலம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடத்துச் சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை பெயிண்டர் வந்தபோது, மாசிலாமணி அவரிடம் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சுரண்டியைக் கொடுத்தார். ஹரிகேசவன் தொலைபேசியில் கூப்பிட்டு எகிறினார். எகிறட்டும் என்று விட்டுவிட்டார். நாலு மாதத்தில் போகப்போகிறவனிடம் எகிறி என்ன ஆகப்போகிறது? இப்போது அந்த நாலு மாதமும் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு விசாரணை. விசாரணை அதிகாரி மங்கையர்க்கரசி பழைய நீதிபதி, அதிகம் பேசாத அம்மாள். முன்வரிசையில் குணவதி உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் குழந்தையோடு. நாற்பது வயதுக்காரி, பதினைந்து நாளில் அறுபதாகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் வட்டாரத்து ஜனங்கள். ஒருவரும் செங்கமலத்தின் பக்கம் பார்க்கவில்லை.

மாசிலாமணி படத்தைப் போட்டுக் காட்டினார். எழுபத்தொரு டிகிரி. உறுமி நிற்கிற மோட்டார். நுழையாத தகடு. சுரண்டிய பெயிண்ட் வில்லையை, எட்டு நிறமும் தெரியும்படி, மேசைமேல் வைத்தார். பிறகு தை மாதத்துச் சான்றையும் அதன் பக்கத்திலேயே வைத்தார்.

“இந்தக் கையெழுத்து யாரோடது?” என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

“என்னோடதுங்கம்மா.”

“அளந்தீங்களா?”

“அளக்கலைங்கம்மா. காவலுக்கு இருந்தவங்க மேல ஒரு குற்றமும் இல்ல. அவங்க திறக்கத்தான் பாத்தாங்க. நான் அளந்திருந்தா கதவு திறந்திருக்கும்.”

விசாரணை அறையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. ஹரிகேசவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். செங்கமலம் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். மங்கையர்க்கரசி ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஒரே ஒரு கேள்வி. உள்ள நூத்தி எண்பது பேர் இருந்திருக்காங்க. அவங்க ஏதாவது செஞ்சு அந்தக் கதவைத் திறந்திருக்க முடியுமா?”

மிச்சமிருந்த முணுமுணுப்பும் சட்டென்று நின்றது. பின்வரிசையில் யாரோ இருமப் போய், இருமாமல் நிறுத்திக்கொண்டார்கள். குணவதி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கை அசையவில்லை.

“முடியாதுங்கம்மா” என்றார் மாசிலாமணி.

“நிச்சயமா?”

“நானே சோதிச்சுப் பாத்தேன்.”

முதல் பொய்யை அளக்காமல் எழுதியவர், இரண்டாவதை நன்றாக அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

ஏழேமுக்காலுக்கு விசாரணை முடிந்தது. செங்கமலத்தின்மேல் வழக்கு இல்லை. மாசிலாமணியைத் தாற்காலிகமாக வேலைநீக்கம் செய்திருப்பதாகவும், அவர்மேல் தனி வழக்கு வரும் என்றும் வாசித்தார்கள். அவர் கட்டுப்போட்ட கையால் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. படிக்கட்டின் அடியில் குணவதி தனியாக நின்றிருந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் அடிக்கவில்லை.

“சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளும்மா.”

“எங்க வீட்டுல டம்ளருக்குள்ள டம்ளர் சிக்கிக்கிட்டா, பச்சத்தண்ணி ஊத்தி எடுப்பேன். வந்துரும்.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கட்டைத்தான் பார்த்தாள். “கதவுக்கு அது ஆகாதா சார்?”

மாசிலாமணிக்கு முப்பது வருஷம் படித்துவைத்த பாடம் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“ஆகாதும்மா. டம்ளர் எவர்சில்வர், கதவு அலுமினியம். ஒவ்வொண்ணு ஒவ்வொரு விதமா விரியும். டம்ளருக்கு ஆகும். கதவுக்கு ஆகாது.”

அவள் அந்தக் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு தலையாட்டினாள்.

“நீங்க இஞ்சினியரு. கையெழுத்துப் போடுறவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் செங்கமலம் நின்றிருந்தாள். குணவதி போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து செங்கமலம் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். குணவதி அதை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். குழந்தைக்கு இரண்டு மடக்கு கொடுத்தாள். மிச்சத்தைத் தான் குடிக்கவில்லை. பேருந்து வரும்வரை அந்தப் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.